சொல்லிவிட்டு எழுதியவர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹரிஷங்கரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், திருவனந்தபுரத்தில் அரசியலில் இருக்கும் யாரும் எடுக்காமல் விடமாட்டார்கள். மறுநாள் அவருடைய பத்தி வரும். ‘கோட்டைவாசல்’ என்று பெயர். அதில் யாரைப் பற்றி எழுதியிருக்கிறாரோ அவரை முந்தின நாளே கூப்பிட்டு, அந்தப் பாராவை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுவார். தகவலில் பிழை இருந்தால் திருத்துவார். வேறு எதையும் மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார். படித்து முடித்ததும், “அவ்வளவுதான், நாளைக்குப் பார்க்கலாம்” என்று வைத்துவிடுவார். கட்சிக்காரர்கள் அதற்கு ‘ஸ்வாமியின் சந்தியாவந்தனம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வலியசாலை அக்ரகாரத்துக்காரர்களை மலையாளிகள் ஸ்வாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பத்திரிகை அலுவலகத்தில் மட்டும் அவர் ஹரி சார்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு மலையாள நாளிதழில். அவர் ஓய்வு பெற்ற பிறகும் பத்தி மட்டும் தொடர்ந்தது. அந்தப் பக்கத்துக்குத் துணை ஆசிரியையாக நான் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது தாண்டியிருந்தது. கையால் எழுதி, தாள்களைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். நான் தட்டச்சு செய்து பக்கத்தில் ஏற்றுவேன். முதல் மாதத்தில் ஒரு நாள் ஏதோ சந்தேகம் கேட்கக் கூப்பிட்டேன். மலையாளத்தில்தான் பேசினேன். அவர் பதில் சொல்லாமல், “நீ தமிழாக்கும், அல்லே?” என்றார்.

“ஆமா சார்.”

“எங்கே?”

“பொன்முடி பக்கம். வெள்ளைப்பாறை எஸ்டேட்.”

“அந்த பஸ் இப்பவும் மேலே வரைக்கும் வரதோ?” என்று கேட்டார்.

நான் சிறுமியாக இருந்தபோது பஸ் அடிவாரச் சோதனைச் சாவடியோடு நின்றுவிடும். அங்கிருந்து எஸ்டேட் லயங்களுக்கு ஏறி வரவேண்டும். லயம் என்பது தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். நான் ஆறாம் வகுப்புக்குப் போகிற வருடம் பஸ் மேலே வரை வர ஆரம்பித்தது. அதில் ஏறித்தான் விதுரைக்குப் போய்ப் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆனதும் அந்த பஸ்ஸால்தான். ‘பேப்பர் சாமி’ ஒருத்தர் எழுதி வாங்கிக் கொடுத்தது என்று லயத்தில் சொல்வார்கள். ஆனால் அவர் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அப்போதைய அமைச்சரிடம், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் பஸ் வந்துவிட்டது.

அன்று இரவு சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு வாங்கிய உரிமை என்று நான் கல்லூரியில் பேசியதெல்லாம் ஒருவர் பந்தியில் சொன்ன ஒரு வார்த்தை. பந்தியில் அவர் வேறு இலையில் உட்கார்ந்திருந்தால்?

ஹரிஷங்கரின் அப்பா கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. மகனும் அங்கேயே சேர்ந்திருக்கலாம். தேர்வு எழுதித் தேறியும் போகவில்லை. பத்திரிகையில் பிழை திருத்துபவராகச் சேர்ந்து, ஒருவர் விடுப்பில் போன சமயம் சட்டசபையின் செய்தியாளர் மாடத்தில் உட்கார்ந்து, அங்கேயே தங்கிவிட்டார். குறிப்பெடுக்காமல் ஒரு மணி நேரப் பேச்சைத் திரும்பச் சொல்வாராம். அதனால் எல்லோரும் அவர் முன்னால் தாராளமாகப் பேசினார்கள். கையில் பேனா இல்லாதவனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

சொல்லிவிட்டு எழுதும் வழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இளம் நிருபராக இருந்தபோது ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு அடுத்த தேர்தலில் சீட் இல்லை என்று முதலில் எழுதியவர் இவர். செய்தி சரிதான். ஆனால் அது வந்த காலையில் அந்த மனிதரின் மகளைப் பெண்பார்க்க வந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே பேப்பர் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். காபி குடித்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். மறுநாள் அந்த உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்து இவர் மேசைக்கு முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. “சீட் போச்சுன்னா போட்டும் தம்பி. முந்தின நாளு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவங்களை அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பேன்” என்றாராம்.

அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லாமல் எழுதியதில்லை. அந்த நாணயத்தால்தான் எல்லாக் கட்சியிலும் அவருக்குக் கதவு திறந்தது. ஒருவர் முதுகுக்குப் பின்னால் எழுத மாட்டார் என்று தெரிந்தால், அவரிடம் சொல்லத் தயங்கமாட்டார்கள் அல்லவா? காலை வேளைகளில் வலியசாலை வீட்டு வாசலில் எப்போதும் யாராவது இரண்டு பேர் நிற்பார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை, பிள்ளைக்கு இடமாற்றம், பேத்திக்குக் கல்லூரியில் இடம். அவர் போன் செய்வார், பெரும்பாலும் நடந்துவிடும். தனக்கென்று கேட்டு வாங்கியது ஒன்றும் இல்லை. கார்கூட இல்லை. கிழக்கேகோட்டைக்கு நடந்துதான் போவார்.

அவர் மனைவி விஜயலக்ஷ்மி மாமி ஒரு தடவை என்னிடம் சொன்னார்: “இவர் எழுதறது ஊருக்கெல்லாம் திங்கக்கிழமை தெரியும். யாரைப் பத்தியோ அவாளுக்கு ஞாயித்துக்கிழமையே தெரியும். ஆத்துல இருக்கறவளுக்குத்தான் எப்பவுமே தெரியாது.”

நான் அவருடைய பழைய பத்திகளை அலுவலக நூலகத்தில் எடுத்துப் படித்தேன். முதல் பத்து வருடத்துப் பத்திகள் சுருக்கென்று இருந்தன. பிறகு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆகியிருந்தன. நயமான மலையாளம், யாருக்கும் தெரியாத உள்விவரம் ஒன்று, கடைசியில் ஒரு நாசூக்கான குத்து. குத்துப்பட்டவரே மறுநாள் கூப்பிட்டுச் சிரிக்கக்கூடிய அளவுக்குத்தான் அது குத்தும். நண்பனுக்குப் போனில் படித்துக் காட்ட முடிகிறதை மட்டுமே எழுதப் பழகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. துணிந்து ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஆமாம். பேனாவை எடுத்தாலே காதுல அவனோட குரல் கேக்கும். ‘எந்தா ஸ்வாமீ, இது வேணுமா’ன்னு கேப்பான். அவன் கேக்கறதுக்கு முன்னாடி நானே அடிச்சுடுவேன்” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அலுத்துப்போச்சு செல்வி. நிறுத்தவும் தெரியலை.”

அவர் காதில் கேட்ட குரல்களில் முக்கியமானது ஞானையனுடையது. ஞானையன் தெற்கே எல்லைப் பக்கத்து ஊர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். மாணவர் சங்கத் தலைவராகத் திருவனந்தபுரம் வந்த புதிதில் தங்க இடமில்லாமல் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் செய்தித்தாள் கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கியவர். ஹரிஷங்கர்தான் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார். அந்தக் காலத்து அக்ரகாரத்தில் ஞானையன் சமையலறைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டது தெருவில் பேச்சானதாம். மாமி அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது ஞானையன் அமைச்சர். புதன்கிழமை காலைகளில் காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து, அதே சமையலறையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, அக்கா என்று அவர் கூப்பிடும் மாமி கையால் தோசை சாப்பிட்டுவிட்டுப் போவார்.

சென்ற வருடம் மாசி மாதத்தில் அப்படி ஒரு காலையில், மூன்றாவது தோசைக்குக் காத்திருந்தபோது, ஞானையன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “அந்த வெள்ளைப்பாறை எஸ்டேட் தீருமானமாயி ஸ்வாமீ. ரிசார்ட் கம்பெனிக்குக் கொடுக்குறோம். லயத்துல உள்ளவங்களுக்குக் கீழே ஃபிளாட்டு.”

“அவாளைக் கேட்டாச்சோ?”

“கேப்போம். பின்னே கேக்காம இருக்குமா? ஒரு மீட்டிங் போட்டு, அபிப்பிராயமெல்லாம் எழுதி வாங்கி, அதெல்லாம் முறைப்படி உண்டு. தீருமானம் எடுத்துட்டுக் கேட்டா தலைவேதனை இல்லைல்ல.” தட்டில் தோசை விழுந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஹரிஷங்கர் அதை எழுதவில்லை. நண்பன் சாப்பிடும்போது சொன்னது. என்னிடமும் சொல்லவில்லை. நான் எந்த எஸ்டேட்டில் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து என் அத்தை ஆவுடைத்தாய் கீழே இறங்கி வந்தாள். அப்பாவின் அக்கா. தேயிலைத் தொழிற்சாலையைப் பூட்டுகிற வரை கொழுந்து கிள்ளியவள், லயத்தில் எந்தப் பிரச்சினை என்றாலும் முன்னால் நிற்பவள். யாரோ அளவெடுக்கிறார்கள், டிரோன் பறக்கவிடுகிறார்கள், கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்கள். “ஏட்டி, அந்த பேப்பர் சாமிகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போ” என்றாள்.

வலியசாலை வீட்டில் மாமி நாற்காலி போட்டும் அத்தை உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஹரிஷங்கர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “விசாரிக்கறேன்” என்றார்.

“விசாரிக்க வேண்டாம் சாமி. ஒங்களுக்குத் தெரியும். மொகத்துல எழுதியிருக்கு.”

அவர் நிமிரவில்லை.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்ப கேளுங்க. எல்லாரும் ஒண்ணா நின்னு வேண்டாம்னு சொன்னா எங்கள அசைக்க முடியாது. பாதிப் பேரு கையெழுத்து போட்டுட்டா மிச்சப் பேரு நின்னு புண்ணியமில்ல. தண்ணியக் கட் பண்ணுவாவ, கரண்டக் கட் பண்ணுவாவ. தீருமானம் பண்ணிட்டுத்தான் நம்மளக் கேக்க வாராவன்னு மொதல்ல எங்க ஆளுக்குத் தெரியணும். அவிய ஃபிளாட்டு, சாவி, போட்டோன்னு வந்து நிக்கதுக்கு முன்னால தெரியணும். நீங்க எழுதுங்க. ஆனா ஒங்க வழக்கம் எனக்குத் தெரியும் சாமி. செல்வி சொல்லியிருக்கா. இந்தத் தடவ யாருக்கும் முன்னால சொல்லாதீய.”

அவர் நிமிர்ந்து, “சொல்லமாட்டேன்” என்றார்.

“சத்தியமா?”

“சொல்லமாட்டேன்னு சொன்னேனே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே தாள்கள் வந்துவிட்டன. சுற்றி வளைத்தல் இல்லை, நாசூக்கு இல்லை. முடிவெடுத்தாகிவிட்டது, கேட்பது இனிமேல் நடக்கப்போகும் நாடகம் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தார். நூலகத்தில் படித்த பழைய பத்திகளின் மனிதர் திரும்பி வந்தது போலிருந்தது. அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லலாமா என்று போனை எடுத்து, வைத்துவிட்டேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் பேப்பர் போகும், அவளே பார்க்கட்டும்.

ராத்திரி எட்டு மணிச் செய்தியில் ஞானையன் வந்தார். அவசரமாகக் கூட்டிய செய்தியாளர் சந்திப்பு. வெள்ளைப்பாறைத் தொழிலாளர்களின் நெடுங்காலக் கோரிக்கையை ஏற்று மறுவாழ்வுத் திட்டம், குடும்பத்துக்கு ஒரு ஃபிளாட், விருப்பமுள்ளவர்கள் மட்டும். பின்னால் வண்ணப்படத்தில் கட்டடம். எங்கள் செய்திப் பிரிவில் அதை முதல் பக்கத்துக்கு எடுத்தார்கள். பத்தி பழையதாகிவிடக் கூடாது என்று மேலிருந்து சொல்லி, அதன் தொடக்கத்தில் ‘நேற்று அறிவிக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் குறித்து’ என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. ஒரே வரிதான். ஆனால் அந்த வரிக்குக் கீழே படித்தால், அவர் எழுதியதெல்லாம் வெளிவந்த திட்டத்தைப் பற்றிய ஒரு பெரியவரின் முணுமுணுப்பாகத் தெரிந்தது.

பேப்பருக்கு முன்னால் ஜீப்புகள் மலையேறிவிட்டன. மாதிரிச் சாவி, படம், ஒப்பந்தத் தாள். மதியத்துக்குள் லயத்தில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் நான் வலியசாலைக்குப் போனேன். கேட்கவே கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார்.

“நான் படிக்கலை செல்வி. சத்தியமா ஒரு வரி படிக்கலை. சாயங்காலம் கூப்பிட்டேன், வாஸ்தவம். நாளைக்குக் காலம்பற என் மேலே வருத்தப்படாதே, கேட்டியான்னு சொன்னேன். அவ்வளவுதான். நாப்பது வருஷத்துச் சிநேகிதன். காலம்பற பேப்பரைப் பிரிச்சா நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்குமேன்னு தோணித்து. எந்த விஷயம்னுகூடச் சொல்லலை.”

“அவர் என்ன சார் சொன்னார்?”

“படிச்சுக் காட்டலையா ஸ்வாமீன்னு கேட்டான். இல்லைன்னேன். செரின்னான். புதன்கிழமை வரேன்னு அக்காட்ட சொல்லுங்கோன்னான்.”

சமையலறை நிலைப்படியில் நின்றிருந்த மாமி, “படிச்சிருந்தாக்கூட அவன் சும்மா இருந்திருப்பான்” என்றார். “நாப்பது வருஷமா ஒவ்வொரு வரியும் படிச்சுக் காட்டின மனுஷர் இன்னிக்குப் படிக்கலைன்னா, அதைவிடப் பெரிய சேதி அவனுக்கு என்ன வேணும்? சமீபத்துல இவர்ட்ட என்ன சொன்னோம்னு யோசிக்க எத்தனை நாழி ஆகும்?”

தான் வாக்கை மீறவில்லை என்றுதான் அதுவரை உண்மையாகவே நம்பியிருந்தார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. எனக்குக் கோபம் வரவேண்டும். ஆனால் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? மேலிருந்து ஒரு வரி சேர்க்கச் சொன்னபோது நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடத்தில் எனக்கும் சிலர் முகம் வாடினால் தாங்காது என்று ஆகிவிட்டிருந்ததா?

புதன்கிழமை ஞானையன் வந்து தோசை சாப்பிட்டார். ஒன்றும் நடக்காதது போல மாமியிடம் முழங்கால் வலியை விசாரித்தாராம்.

கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். மற்றவர்கள் எர்ணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். என் விடுதித் தோழி சுமி வஞ்சியூரில் வக்கீல். அவள்தான் காகிதங்களைத் தயார் செய்தாள். அரசுத் தரப்பு, மக்களைக் கேட்ட பிறகுதான் முடிவெடுத்தோம் என்று பதில் தாக்கல் செய்தது. கூட்டம் நடந்த தேதி, கையெழுத்துகள் எல்லாம் இருந்தன; ஞாயிற்றுக்கிழமை அறிவித்தது வெறும் உத்தேசம்தானாம். அதற்கு முன்பே முடிவாகிவிட்டது என்று சொல்ல அந்தப் பத்தியைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. பத்தி போதாது, காதால் கேட்ட ஆள் வந்து சொல்லாமல் வழக்கு நிற்காது என்றாள் சுமி.

மழை விட்டிருந்த ஒரு நாள் ஹரிஷங்கர் என்னிடம், “உங்க எஸ்டேட்டுக்கு ஒரு தரம் போகணும்” என்றார். அவர் ஒருமுறையும் அங்கே வந்ததில்லை. ஊசிமுனைத் திருப்பங்களில் பஸ் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அத்தை நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

“வாங்க சாமி. ஒங்க பஸ்லதான் வந்தீயளா?”

அவர் சிரிக்க முயன்றார். லயத்தில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீடுகளின் ஓடுகளை அப்போதே யாரோ கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். அத்தை பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “நான் மறுபடியும் எழுதறேன்” என்றார்.

“எழுத வேண்டாம் சாமி.”

“இல்லை, இந்தத் தடவை…”

“நீங்க எழுதினா அவியளுக்கு ஒரு நாள் முன்னால தெரியுது. எங்களுக்கு ஒரு நாள் பெறகு தெரியுது. சாயாவக் குடிங்க, ஆறிப்போவும்.”

அவர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு மாசி மாசமே தெரியும்மா. என் ஆத்துச் சமையலறையில வெச்சுச் சொன்னான். தீர்மானம் எடுத்துட்டுத்தான் உங்களைக் கேப்போம்னு அவன் வாயாலயே சொன்னான். நான் பேசாம இருந்துட்டேன்” என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு அவரை. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “அத எழுதாதீய. கோர்ட்ல சொல்லுங்க” என்றாள் அத்தை. “சொல்லுவீயளா?”

திரும்பும் பஸ்ஸிலும் அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பல வாரம் சுமி அவரைக் கூப்பிடவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். அவர் என்ன இழக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தவன் சொன்னதைக் கோர்ட்டில் சொன்னவர் என்று பெயர் வந்துவிட்டால் எந்தக் கட்சியிலும் ஒரு கதவும் திறக்காது. வாசலில் நிற்கிறவர்களுக்குப் படுக்கையும் இடமாற்றமும் கிடைக்காது. அவர் அந்த ஊரில் யார் என்பதே அந்தப் போன்தான். பத்தி மட்டும் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. கோயில் திருவிழா, பழைய சட்டசபை நினைவுகள். யாருக்கும் படித்துக் காட்டத் தேவையில்லாத பத்திகள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவராகவே வஞ்சியூருக்கு வந்தார். சுமி கேட்கக் கேட்கச் சொன்னார். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி, அதைச் சுமி கணினியில் தாக்கல் செய்து, ஏற்றுக்கொண்டதாகத் திரையில் வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். சுமி தடுக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

ஞானையன் உடனே எடுத்தார். ஸ்பீக்கரில் போடாமலே குரல் கேட்டது. “எந்தா ஸ்வாமீ, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே.”

“ஒரு பாரா படிக்கறேன். கேளு.”

படித்தார். மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, என் வீட்டில் வைத்து, மேற்படி அமைச்சர் என்னிடம் சொன்னதாவது. எப்போதும் போல நிறுத்தி நிதானமாகத்தான் படித்தார். முடித்த பிறகு எதிர்முனையில் யாரோ கோஷம் போடுவது மட்டும் கேட்டது.

“இது நாளைக்கு வருமோ?”

“வராது. கொடுத்தாச்சு. செத்த நாழி முன்னாடி.”

“கொடுத்துட்டுப் படிக்கிறீங்க.”

“ஆமாம்.”

“தோசை திங்கும்போதுன்னு எழுதலையே?”

“எழுதலை.”

“எழுதியிருக்கலாம். நல்ல தோசையாக்கும் அது.” குரல் தணிந்தது. “நான் இனி வரமாட்டேன்னு அக்காட்ட நீங்களே சொல்லிருங்க ஸ்வாமீ. என்னால சொல்ல வய்யா.”

அவர் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சுமி தண்ணீர் கொடுத்தாள். “அவ்வளவுதான்” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

அந்தப் பத்திரத்தை வைத்து நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. மீதிக் குடும்பங்கள் இப்போதைக்கு லயத்தில் இருக்கலாம். வழக்கு முடியவில்லை. வயதானவர், ஞாபகப் பிசகு என்று எதிர்த்தரப்பு பதில் எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரப் பேச்சைக் குறிப்பில்லாமல் திரும்பச் சொன்னவருக்கு ஞாபகப் பிசகு. கீழே இறங்கியவர்கள் திரும்பி வரவில்லை. அத்தை ஆளில்லாத வீடுகளுக்கு நடுவில் இருக்கிறாள். ராத்திரி பன்றி வருகிறது என்று போனில் சொல்கிறாள்.

பத்திக்குக் கொஞ்ச நாள் இடைவெளி விடலாம் என்று எங்கள் ஆசிரியர் மரியாதையாகச் சொன்னார். ஹரிஷங்கரும் மரியாதையாகச் சரி என்றார். அந்த இடத்தில் இப்போது உடல்நலக் குறிப்புகள் வருகின்றன. அதையும் நான்தான் ஏற்றுகிறேன். வலியசாலை வாசலில் காலையில் யாரும் நிற்பதில்லை. அவர் என் அத்தைக்காகச் செய்தாரா, தன் மனது ஆறுவதற்காகச் செய்தாரா என்று நான் சில சமயம் யோசிக்கிறேன். அத்தையிடம் கேட்டேன். “எதுக்கா இருந்தா என்னட்டி, வீட்டுக்குள்ளதான இருக்கேன்” என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். வந்தப்பறம் எல்லாரோடயும் சேர்ந்து படிச்சுக்கறேன்” என்றார்.

“எனக்குப் படி” என்றார் மாமி. “நாப்பது வருஷத்துல ஒருத்தரும் எனக்குப் படிச்சுக் காட்டினதில்லை.”

மாமி சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டே கேட்டார். அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கேட்காதவர் போல உட்கார்ந்திருந்தார். பெண்பார்க்க வந்தவர்கள் எழுந்து போன இடத்தில் மாமி அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்தார்.

“அந்தப் பொண்ணுக்கு அப்பறம் கல்யாணம் ஆச்சோ?”

நான் கூடத்தைப் பார்த்தேன். அவர் தாளைத் தாழ்த்தினார்.

“தெரியலை. கேக்கணும்னு தோணலை” என்றார்.